புகையான்: வயலின் காவல் ஒரே நாளில் போகக் கூடாது

ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் சம்பா, தாளடி வயல்களில் புகையானைக் கண்டு கலங்காத டெல்டா விவசாயி இருக்க மாட்டார். நேற்று வரை பச்சைப் பசேலென்று நின்ற பயிர், வயலின் நடுவே வட்ட வட்டமாகப் பழுத்து, நெருப்பில் தீய்ந்தது போல் காய்ந்து சாய்கிறது. உழவு, நாற்று, நடவு, களை, உரம் என்று எல்லாச் செலவையும் செய்து முடித்து, கதிர் வரும் நேரத்தில் இந்தச் சேதம் ஏற்படுவதால்தான் இழப்பு பெரிதாகிறது. மூன்று மா, நான்கு மா மட்டும் வைத்திருப்பவருக்கு அந்த ஆண்டுக் கடனை அடைக்க வேறு வழி இருக்காது.

"போன வாரம்தான் மருந்து அடித்தேன். பூச்சி செத்தும் போனது. மறுபடி முன்னைவிட அதிகமாக எப்படி வந்தது?" என்று பல விவசாயிகள் கேட்பதுண்டு. நியாயமான கேள்விதான். இதற்கு விடை மருந்தின் தரத்தில் மட்டும் இல்லை. வயலில் புகையானைத் தின்று வாழும் பலவகைப் பூச்சிகளும் சிலந்திகளும் எந்த நேரத்தில் பெருகுகின்றன, எந்த நேரத்தில் குறைகின்றன என்பதில் இருக்கிறது. அவை வெவ்வேறு நேரத்தில் ஏறி இறங்கினால் வயல் நிதானமாக இருக்கும். எல்லாம் ஒரே நேரத்தில் இறங்கினால் வயல் நிலைகுலைந்து போகும். இதைச் சற்று விளக்கமாகப் பார்ப்போம்.

இரண்டு மாட்டுக் கணக்கு

ஒரு வீட்டில் இரண்டு கறவை மாடுகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். கன்று ஈன்ற புதிதில் ஒவ்வொன்றும் நாளுக்கு 6 லிட்டர் பால் தருகிறது. சில மாதங்கள் கழித்து 2 லிட்டராகக் குறைகிறது. இரண்டு மாடும் தை மாதத்திலேயே ஈன்றால், முதலில் நாளுக்கு 12 லிட்டர் கிடைக்கும். பிறகு 4 லிட்டராக இறங்கிவிடும். அப்போது பால் விற்று வட்டி கட்டும் குடும்பம் திண்டாடும். அதே இரண்டு மாடுகள் முன்னும் பின்னுமாக ஈன்றால், ஒன்று 6 தரும்போது மற்றொன்று 2 தரும். எந்நாளும் 8 லிட்டர் கிடைக்கும். மாடும் அதேதான், ஆண்டு முழுதும் கிடைக்கும் பாலின் மொத்தக் கணக்கும் அதேதான். ஏறுவதும் இறங்குவதும் ஒரே நேரத்தில் நடக்கவில்லை என்பது மட்டுமே வித்தியாசம்.

இயற்கையிலும் கணக்கு இதுதான். பல உயிரினங்கள் சேர்ந்து ஒரு வேலையைச் செய்யும்போது, அவை ஒன்றுக்கொன்று மாறி ஏறி இறங்கினால் மொத்த வேலை தடைப்படாது. அமெரிக்காவில் மின்னசோட்டா மாநிலத்தின் சீடர் கிரீக் என்ற இடத்தில் புல்வெளிப் பாத்திகளை டேவிட் டில்மன் என்ற விஞ்ஞானி பல ஆண்டுகள் அளந்து வந்தார். 1988-ல் அங்கே கடும் வறட்சி வந்தது. ஒன்றிரண்டு வகைப் புல் மட்டும் இருந்த பாத்திகள் பெரிதும் காய்ந்தன. பலவகைச் செடிகள் கலந்திருந்த பாத்திகளில் இழப்பு குறைவு. அவை விரைவில் தேறவும் செய்தன. வறட்சி தாங்காதவை வாடியபோது, தாங்கியவை அந்த இடத்தை ஈடு செய்தன. 1994-ல் இந்த முடிவு வெளியானது.

நம் வயலின் காவலர்கள்

நெல் வயலில் புகையானைத் தின்பவை ஒன்றிரண்டு அல்ல, பலவகை உண்டு. ஒவ்வொன்றும் வரும் காலம் வேறு, இருக்கும் இடம் வேறு, பிடிக்கும் இரையும் வேறு.

ஓநாய்ச் சிலந்தி வலை பின்னாது. வரப்பிலிருந்து இறங்கி, பயிரின் அடித்தண்டிலும் நீர் மேலும் ஓடி இரை பிடிக்கும். நடவு நட்ட சில நாட்களிலேயே வயலுக்கு வந்துவிடும். வலை பின்னும் சிலந்திகளோ பயிர் வளர்ந்து தோகை விரிந்த பிறகுதான் பெருகும். ஊசித்தட்டான் பயிருக்கு நடுவே தாழப் பறந்து தத்துப்பூச்சிகளைப் பிடிக்கும். நீரின் மேல் ஓடும் சிறு பூச்சிகள், தண்டிலிருந்து தவறி விழும் புகையான் குஞ்சுகளைக் கூட்டமாகச் சூழ்ந்து உறிஞ்சிவிடும். பொறிவண்டும் தரை வண்டும் வரப்புப் புல்லிலிருந்தும் பயறு வயலிலிருந்தும் வரும்.

மிரிட் நாவாய்ப்பூச்சி என்ற ஒன்றைத் தனியாகச் சொல்ல வேண்டும். இது புகையானின் முட்டையையும் இளங்குஞ்சையும் குத்தி உறிஞ்சும். புகையான் பெருகும் இடத்தைத் தேடிப் பறந்து வந்து, அதன் பின்னாலேயே பெருகும். ஆனால் புகையான் தோன்றிச் சில நாள் கழித்துத்தான் வரும். அந்த இடைவெளியில் வயலைக் காப்பது, முன்பே வந்து காத்திருக்கும் சிலந்திகளே. கண்ணுக்குத் தெரியாத அளவுள்ள முட்டை ஒட்டுண்ணிக் குளவிகளும் இந்தக் காவலில் சேரும்.

வானிலையையும் கவனியுங்கள். வடகிழக்குப் பருவமழை பலமாக அடித்தால் சிலந்தி வலைகள் அறுந்துபோகும். ஆனால் வயலில் தண்ணீர் நிற்பதால் நீர்ப்பூச்சிகளுக்கு வசதி. தண்ணீரை வடித்தால் நீர்ப்பூச்சிகள் ஒதுங்கும். அப்போது ஓநாய்ச் சிலந்தி ஈரத் தரையில் தாராளமாக ஓடும். ஒன்றுக்கு இறங்குமுகம் வரும்போது மற்றொன்று காவலுக்கு நிற்கும். இதனால்தான் எத்தனையோ வயல்களில் நாம் ஒன்றும் செய்யாமலேயே புகையான் தலைதூக்குவதில்லை. அந்தக் காவல் நம் கண்ணில் படுவதில்லை என்பதால் அதன் மதிப்பும் தெரிவதில்லை.

எல்லாம் ஒரே நாளில் சரிந்தால்

இப்போது மருந்துக்கு வருவோம். எல்லாப் பூச்சிகளையும் கொல்லும் மருந்தை வயல் முழுவதும் அடிக்கும்போது, மழைக்குத் தாங்கியது, வெயிலுக்குத் தாங்கியது என்ற பேதம் இல்லாமல் எல்லாக் காவலர்களும் ஒரே நாளில் மடிகின்றன. முறை மாற்றிக் காவல் காத்தவர்கள் எல்லோரையும் ஒரே இரவில் அனுப்பிவிட்டது போல் ஆகிறது.

புகையானும் சாகத்தான் செய்கிறது. ஆனால் அதன் முட்டைகள் சாவதில்லை. தாய்ப்பூச்சி முட்டைகளை இலையுறைக்கு உள்ளே செருகி வைத்துவிடுகிறது. மேலே தெளிக்கும் மருந்து அங்கே எட்டுவது அரிது. சுமார் ஒரு வாரத்தில் அவை பொரிந்து குஞ்சுகள் வெளிவரும்போது, தின்பதற்குப் பயிர் இருக்கிறது. தடுப்பதற்கு யாரும் இல்லை. ஒரு மாதத்திற்குள் ஒரு தலைமுறை வளர்ந்துவிடும். சிலந்தியோ மெதுவாகப் பெருகும் பிராணி. அது மீண்டும் எண்ணிக்கை சேர்ப்பதற்குள் புகையான் பலமடங்கு ஆகிவிடுகிறது. மருந்து அடித்த பின் முன்னைவிட அதிகமாக வருவதன் காரணம் இதுதான். செயற்கைப் பைரித்ராய்டு வகை மருந்துகளும் குயினால்பாஸ் போன்ற சில மருந்துகளும் புகையானை மீண்டும் பெருகச் செய்கின்றன என்பதால், நெல்லில் அவற்றைத் தவிர்க்கும்படி தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் பரிந்துரைத்துள்ளது.

இது ஏட்டில் மட்டும் உள்ள செய்தி அல்ல. நமக்கு அடுத்த கேரளத்தின் குட்டநாட்டில் 1973-74-ல் புகையான் பெரும் சேதம் செய்தது. பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தில் பீட்டர் கென்மோரும் அவருடன் பணியாற்றியவர்களும் மருந்து அடித்த வயலையும் அடிக்காத வயலையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். காவல் பூச்சிகள் மடிந்த வயலில்தான் புகையான் கட்டுக்கடங்காமல் பெருகியது என்று 1984-ல் எழுதினார்கள். இந்தோனேசியாவில் இதே தொல்லை முற்றியபோது, 1986 நவம்பரில் அந்நாட்டு அரசு நெல்லுக்கு 57 வகைப் பூச்சி மருந்துகளைத் தடை செய்தது. அதனால் அந்த நாட்டில் நெல் விளைச்சல் விழுந்துவிடவில்லை.

ரகத்திலும் இதே பாடம் உண்டு. புகையானைத் தாங்கும் ஐ.ஆர். 26 என்ற ரகம் 1973-ல் வெளிவந்தது. பிலிப்பைன்ஸிலும் இந்தோனேசியாவிலும் பரந்த நிலப்பரப்பில் அதையே நட்டார்கள். இரண்டு மூன்று ஆண்டுகளில் அதையும் தின்னும் புகையான் உருவாகிவிட்டது. எங்கு பார்த்தாலும் ஒரே ரகம் இருந்ததால், எதிர்ப்புச் சக்தி போனபோது எல்லா வயலிலும் சேர்ந்தே போயிற்று.

மேட்டூர்த் தண்ணீரும் ஒரே கால நடவும்

இங்கே ஒரு சந்தேகம் எழலாம். "அக்கம்பக்கத்து வயல்கள் எல்லாம் ஒரே காலத்தில் நட வேண்டும் என்று அதிகாரிகள் சொல்கிறார்களே! எல்லாம் ஒரே நேரத்தில் நடப்பது கெடுதல் என்றால் அது எப்படி?"

பயிர் விஷயம் வேறு, காவலர்கள் விஷயம் வேறு. பயிர் என்பது புகையானுக்குச் சாப்பாடு. ஒரு வயலில் அறுவடை, அடுத்ததில் பூட்டை, அதற்கடுத்ததில் நாற்று என்று இருந்தால், புகையானுக்கு ஆண்டு முழுவதும் பந்தி நடக்கிறது. குறுவை அறுவடையாகும் வயலிலிருந்து இறக்கை முளைத்த புகையான் பறந்துபோய், பக்கத்துச் சம்பாவிலும் தாளடி நாற்றங்காலிலும் இறங்கிவிடும். ஒரே வாய்க்கால் பாசனத்தில் உள்ளவர்கள் இரண்டு மூன்று வாரத்திற்குள் நட்டு முடித்தால், பந்தி ஒரே காலத்தில் முடிந்து இடைவெளி கிடைக்கும்.

டெல்டாவில் இதை முடிவு செய்வது பெரும்பாலும் மேட்டூர் அணையே. ஜூன் 12-ல் திறப்பது வழக்கம். ஆனால் 2022-ல் மே 24-லேயே திறந்தார்கள். 2024-ல் ஜூலை 28 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. தண்ணீர் தாமதமாகும் ஆண்டில் பம்புசெட் உள்ளவர் முன்னால் குறுவை நடுகிறார். ஆற்றுத் தண்ணீரை நம்பியவர் பின்னால் சம்பாவுக்கு இறங்குகிறார். ஒரே ஊரில் பல வயதுப் பயிர்கள் நிற்கும். அப்படிப்பட்ட ஆண்டில் புகையானைப் பற்றிக் கூடுதல் எச்சரிக்கை தேவை.

ஆனால் ஒரே கால நடவுக்கும் ஒரு குறை உண்டு. ஜாவா தீவில் வில்லியம் செட்டில் என்பவரும் உடன் உழைத்தவர்களும் நெல் வயல்களை ஆராய்ந்து 1996-ல் முடிவுகளை வெளியிட்டார்கள். பெரும் பரப்பில் ஒரே காலத்தில் நட்டு, அறுவடைக்குப் பின் நெடுநாள் நிலத்தைக் காயப்போட்ட இடங்களில், அடுத்த போகத்தில் காவல் பூச்சிகள் தாமதமாகவே வந்து சேர்ந்தன. காரணம், காய்ந்த வெறும் நிலத்தில் புகையானுக்கு மட்டும் அல்ல, காவலர்களுக்கும் இரை இல்லை, ஒதுங்க இடமும் இல்லை.

அதே ஆராய்ச்சி இன்னொரு பயனுள்ள செய்தியையும் சொன்னது. நடவு நட்ட முதல் சில வாரங்களில் வயலில் புகையான் அதிகம் இருக்காது. அப்போது சிலந்திகள் எதைத் தின்று உயிர் வாழ்கின்றன? வயல் நீரில் மட்கும் இலை தழைகளைத் தின்று வளரும், கொசு போன்ற கடிக்காத சிறு ஈக்களைத்தான். வயலில் மட்கும் பொருள் அதிகமாக இருந்தால் இந்த ஈக்கள் பெருகுகின்றன. அவற்றைத் தின்று சிலந்திகள் முன்கூட்டியே பெருகுகின்றன. பின்னால் புகையான் வந்து இறங்கும்போது காவல் தயாராக இருக்கிறது. இந்த ஈக்களின் காலம் முடியும்போது புகையானின் காலம் தொடங்குகிறது. இரை மாறினாலும் சிலந்தி பட்டினி கிடப்பதில்லை. நட்ட 15, 20 நாளில் இலையில் சிறு சேதம் கண்டதும் மருந்து அடிப்பவர், இந்த ஈக்களையும் சிலந்திகளையும் சேர்த்தே அழித்து, 60-ம் நாளில் வரும் புகையானுக்குப் பாதை போட்டுக் கொடுக்கிறார்.

ஆகவே செய்ய வேண்டியது இது: பயிரை அக்கம்பக்கத்தாரோடு ஒரே காலத்தில் நடுங்கள், காவலர்களுக்கு ஆண்டு முழுவதும் எங்காவது இடம் வைத்திருங்கள்.

கடைப்பிடிக்க வேண்டியவை

1. நடவுக்கு முன் தக்கைப்பூண்டு, கொளுஞ்சி போன்ற பசுந்தாள் உரமோ, மட்கிய தொழு உரமோ இடுங்கள். இது பயிருக்கு மட்டும் அல்ல, மேலே சொன்ன சிறு ஈக்களுக்கும் அவற்றின் வழியே சிலந்திக்கும் உணவு.

2. வரப்பு ஓரத்தில் உளுந்து, தட்டைப்பயறு விதையுங்கள். பொறிவண்டும் குளவிகளும் அங்கே தங்கும். தாய்லாந்து, சீனா, வியட்நாம் ஆகிய மூன்று நாடுகளில் எள் போன்ற பூக்கும் செடிகளை வரப்பில் வளர்த்து 4 ஆண்டுகள் சோதித்தார்கள். பூச்சி மருந்துத் தெளிப்பு 70 சதவீதம் குறைந்தது. மகசூல் 5 சதவீதம் கூடியது என்று 2016-ல் வெளியான முடிவு கூறுகிறது.

3. வரப்பையும் வாய்க்கால் கரையையும் ஒரே நாளில் முழுவதும் செதுக்கவோ கொளுத்தவோ வேண்டாம். ஒரு பக்கத்தை இந்த வாரமும் மறுபக்கத்தைச் சில நாள் கழித்தும் வெட்டினால், சிலந்திகள் ஒதுங்கிக்கொள்ள இடம் இருக்கும். வயலில் ஆங்காங்கே சிறு வைக்கோல் கட்டுகளை வைப்பதும் சிலந்திகளுக்கு உதவும்.

4. சம்பா, தாளடி அறுவடைக்கு 7 முதல் 10 நாள் முன்பாக ஈரத்தில் உளுந்தோ பயறோ தெளிப்பது நம் பகுதியின் பழைய வழக்கம். வருமானத்தோடு, நெல் இல்லாத மாதங்களில் வயலில் உயிர் இருக்கவும் இது வழி செய்கிறது. புகையான் நெல்லைத்தான் தின்னும். பயறில் அதற்கு வேலை இல்லை. பொறிவண்டுக்கும் சிலந்திக்கும் அங்கே இரை உண்டு.

5. நடும்போது 8 அடிக்கு ஒரு முறை 1 அடி அகலத்திற்குப் பட்டம் விடுங்கள். காற்றும் வெளிச்சமும் அடித்தண்டு வரை போகும். நெருக்கமும் இருட்டும் ஈரமும் புகையானுக்கு மிகவும் பிடித்தவை. யூரியாவை ஒரேயடியாகக் கொட்டாமல் பிரித்து இடுங்கள். தழைச்சத்து மிகுந்த பயிரில் புகையான் வேகமாகப் பெருகும்.

6. ஊர் முழுவதும் ஒரே ரகத்தைப் பயிரிடாமல், வயதில் ஒத்த இரண்டு மூன்று ரகங்களைப் பிரித்து நடுவது நல்லது. உங்கள் பகுதிக்கு ஏற்ற, புகையானைத் தாங்கும் ரகங்களை ஆடுதுறை தமிழ்நாடு நெல் ஆராய்ச்சி நிலையத்தில் விசாரித்துக்கொள்ளலாம்.

எண்ணிப் பார்த்த பின் மருந்து

வாரம் ஒரு நாள் காலையில் அரை மணி நேரம் ஒதுக்குங்கள். வயலின் குறுக்கே மூலைக்கு மூலை நடந்து 20 குத்துகளைப் பாருங்கள். ஒவ்வொரு குத்தையும் சாய்த்து அடித்தண்டில் தட்டி, புகையான் எத்தனை, சிலந்தி எத்தனை, மிரிட் எத்தனை என்று தனித்தனியே நோட்டில் எழுதுங்கள்.

இதில் ஒரு தவறு நேர்வதுண்டு. புகையான் பழுப்பு நிறம். தொட்டால் பக்கவாட்டில் நகரும், துள்ளும். மிரிட் நாவாய்ப்பூச்சி பச்சை நிறம், ஒல்லி உடல், தலையும் தோளும் கறுத்திருக்கும், வேகமாக ஓடும். அதைப் பச்சைத் தத்துப்பூச்சி என்று நினைத்து, "பூச்சி ஏராளமாக இருக்கிறது" என்று மருந்து அடித்துவிடுகிறார்கள். அதாவது காப்பாற்ற வந்ததையே கொன்றுவிடுகிறார்கள்.

சிலந்தி இல்லாத வயலில் தூருக்கு 1 புகையான் என்ற அளவு வந்தால் மருந்து தேவை. குத்துக்கு 1 சிலந்தி இருந்தால் தூருக்கு 2 புகையான் வரை பொறுக்கலாம். உதாரணமாக, 15 தூர் உள்ள குத்தில் சிலந்தி இல்லாவிட்டால் 15 புகையான், சிலந்தி இருந்தால் 30 புகையான் என்பது கணக்கு. ஒரு சிலந்தி இருப்பதால் நாம் பொறுக்கக்கூடிய அளவு இருமடங்காகிறது என்பதைக் கவனியுங்கள்.

இந்த அளவைத் தாண்டினால் தயங்கிக்கொண்டிருக்கக் கூடாது. காவலர்கள் எல்லாச் சமயத்திலும் வெல்வார்கள் என்று சொல்வதற்கில்லை. முதலில் வயல் நீரை வடித்துவிடுங்கள். பிறகு உதவி வேளாண்மை அலுவலரைக் கேட்டு, அவர் சொல்லும் மருந்தை, சொல்லும் அளவில், அடித்தண்டு நனையும்படி தெளியுங்கள். தாக்குதல் திட்டுத் திட்டாக இருந்தால், அந்தத் திட்டுக்கும் அதைச் சுற்றியும் தெளித்தால் போதும். நல்ல பயிர் நிற்கும் பாகத்தையும் வரப்பையும் விட்டுவிடுங்கள். அங்கே தப்பிய சிலந்தியும் மிரிட்டும்தான் மீண்டும் உள்ளே வந்து, முட்டையிலிருந்து பொரியும் அடுத்த கூட்டத்தைப் பிடிக்கப் போகின்றன. பக்கத்து வயல்காரர் அடித்துவிட்டார் என்பதற்காகத் தன் வயலைப் பார்க்காமலேயே தானும் அடிப்பது கூடாது. ஒரு வாய்க்கால் பாசனத்தில் எல்லோரும் அதே வாரத்தில் முழு வயலுக்கும் அடித்துவிட்டால், திரும்பி வருவதற்குக் காவலர் எங்கும் மிச்சம் இருக்காது.

இந்த நோட்டுக் கணக்கை ஒரு போகம் முழுவதும் எழுதி வந்தால் ஒன்று புலப்படும். சிலந்தி குறையும் வாரத்தில் வேறொன்று கூடியிருக்கும். எல்லாப் பத்தியிலும் ஒரே வாரத்தில் எண்ணிக்கை விழுந்திருந்தால், அந்த வாரம் வயலில் என்ன செய்தோம் என்று யோசித்துப் பாருங்கள். அடுத்த இரண்டு வாரம் வயலை ஒருநாள் விட்டு ஒருநாள் போய்ப் பார்க்க வேண்டும் என்பதற்கு அதுவே அறிகுறி. ஒரு முறை தேவையில்லாத தெளிப்பைத் தவிர்த்தால், மருந்துக்கும் ஆளுக்கும் ஆகும் செலவு மிச்சம். அதைத் தொடர்ந்து வரக்கூடிய இரண்டாவது, மூன்றாவது தெளிப்பின் செலவும் மிச்சம். சிறு விவசாயிக்குக் கதிர் வரும் காலத்தில் கையில் நிற்கும் இந்தப் பணம் சிறிய தொகை அல்ல.